‘என் மகிழ்ச்சி’: பொம்மை சேகரிப்பின் வரலாற்றில் தனிமனித இன்பமும் படைப்பாற்றலும்

முன்னுரை

நூல்களைச் சேர்ப்பவரை அறிஞர் என்றும், நாணயங்களைச் சேர்ப்பவரை வரலாற்று ஆர்வலர் என்றும், ஓவியங்களைச் சேர்ப்பவரைக் கலைப் புரவலர் என்றும் போற்றும் சமுதாயம், பொம்மைகளைச் சேர்ப்பவரைப் பெரும்பாலும் ஒரு புன்னகையுடன் கடந்து சென்றுவிடுகிறது. பொம்மை குழந்தைக்குரியது, வளர்ந்தவர் அதனை நாடுவது வளராத மனத்தின் அடையாளம் என்னும் எண்ணம் அப்புன்னகைக்குள் மறைந்திருக்கிறது. இவ்வெண்ணத்தின் விளைவாகவே, ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளாகத் தொடரும் இப்பொழுதுபோக்கு பண்பாட்டு வரலாற்று ஆய்வில் உரிய இடத்தைப் பெறாமல் போயிற்று எனலாம். பொம்மை சேர்த்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் இப்புறக்கணிப்பிற்கு ஒரு காரணமாகும் என்றே கருத வேண்டியுள்ளது.

தமிழ் இலக்கியமும் பொம்மையை இருவேறு கண்களால் பார்த்திருக்கிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரை மணலில் வண்டற்பாவை செய்து விளையாடினர். கோரையைக் கொண்டு முடைந்த பைஞ்சாய்ப் பாவை ஐங்குறுநூற்றில் இடம்பெறுகிறது. அங்குப் பாவை என்பது செய்பவளின் கைவண்ணம்; அவள் பேணி வளர்க்கும் ஒன்று. திருக்குறளிலோ நிலைமை வேறு. நாணமற்றோரின் இயக்கத்திற்கும், இரப்பார் இல்லாத உலகின் போக்குவரத்திற்கும் மரப்பாவையும், நுண்ணிய கல்வியில்லாதவரின் அழகிற்கு மண்ணாற் செய்த பாவையும் உவமையாகின்றன. வள்ளுவர்க்குப் பாவை உயிரின்மையின் சான்று. கண்ணின் மணியையும் பாவை என்றே வழங்கிய மொழி நம்முடையது என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

பொம்மை சேர்ப்பவரின் உள்ளம் இவ்விரண்டு நோக்குகளுக்கும் இடையில் இயங்குகிறது. உயிரற்றது என்று நன்கு அறிந்தே அவர் அதற்கு ஆடை தைக்கிறார், பெயரிடுகிறார், பக்கத்தில் எதை வைத்தால் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கிறார். இச்செயல்களில் வெளிப்படும் இன்பத்தையும் படைப்பாற்றலையும், வரலாறு தெளிவாகப் பதிந்து வைத்துள்ள சிலரின் வாழ்வின் வழியாக இக்கட்டுரை நோக்குகிறது. பொம்மைகளின் பொதுவரலாற்றைக் கூறுவது இதன் நோக்கமன்று.

செல்வத்தின் காட்சியாகப் பொம்மை வீடு

ஐரோப்பாவில் பொம்மைச் சேகரிப்பின் தொடக்கத்தைப் பேசுவோர் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558 அளவில் செய்வித்த பொம்மை வீட்டைக் குறிப்பிடுவர். அது மகளுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லப்பட்டாலும், கோமகனின் அரும்பொருள் கூடத்திலேயே வைக்கப்பட்டது. 1674ஆம் ஆண்டு மியூனிக் அரண்மனையில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பெரியவர் தம் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து வணிகக் குடும்பங்களில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் பெற்றது. பட்டு வணிகர் ஒருவரின் மனைவியான பெட்ரோனெல்லா ஓர்ட்மன் 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் உருவாக்கிய பொம்மை வீடு இன்று ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொரு பொருளும் உரிய அளவு விகிதத்தில், உரிய மூலப்பொருளால், அந்தந்தத் தொழிலில் தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு செய்யப்பட்டது. அதற்கு அவர் செலவிட்ட தொகையில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் மெய்யான வீடு ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்பர். யாக்கோப் ஆப்பெல் என்னும் ஓவியர் 1710 அளவில் இவ்வீட்டை ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியத்தில் மெழுகுப் பொம்மை மாந்தர் அறைகளில் நடமாடுகின்றனர். இன்று அருங்காட்சியகத்தில் வீடு இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கின்றன. அம்மாந்தரோ பெரும்பாலும் இல்லை. பொருளைக் காப்பதும் அதில் ஒருவர் குடியேற்றிய வாழ்வைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

ஆர்ன்ஷ்டாட் நகரின் ‘மோன் பிளெசிர்’

இக்கட்டுரையின் தலைப்பு ஒரு பொம்மை நகரத்தின் பெயராகும். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள ஆர்ன்ஷ்டாட் ஒரு சிறு நகரம். இசைமேதை பாக் தம் இளமையில், 1703 முதல் 1707 வரை, இங்குள்ள தேவாலயத்தில் ஆர்கன் இசைத்தார். அந்நாளில் இந்நாட்டுப் பகுதியை ஆண்டவரின் துணைவியாக இருந்தவர் அகஸ்டா டொரோதியா (1666–1751). கல்வியிலும் கலையிலும் நாட்டமுடையவராகிய பிரவுன்ஷ்வைக் கோமகன் அன்டோன் உல்ரிக் இவருடைய தந்தையார். 1684இல் திருமணம், குழந்தைகள் இல்லை. 1716இல் கணவர் மறைந்தார். அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கைம்பெண்ணாக, ஊருக்கு அருகில் தம் பெயரால் எழுப்பிய அகஸ்டன்பர்க் மாளிகையில் வாழ்ந்தார்.

அம்மாளிகையில்தான் பொம்மை நகரம் வளர்ந்தது. பிரெஞ்சு மொழியில் ‘என் மகிழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘மோன் பிளெசிர்’ என்று அதற்குப் பெயர். எண்பத்திரண்டு அறைகள், ஏறத்தாழ நானூறு பொம்மைகள். அரண்மனைக் கூடம் மட்டும் இருந்திருந்தால் இது மற்றோர் அரசகுலத்து ஆடம்பரமாக முடிந்திருக்கும். ஆனால் அகஸ்டா டொரோதியா தம் காலத்து நகர வாழ்வு முழுவதையுமே சிற்றுருவில் அமைக்க முற்பட்டார். சந்தைக் காட்சி உண்டு. அதில் வணிகர் கடை விரித்திருக்கின்றனர். சமையலறை உண்டு, மருந்துக் கடை உண்டு, நூற்போரும் நெய்வோரும் மரத்தச்சரும் தத்தம் கருவிகளோடு தொழில் செய்கின்றனர், நாடக மேடை உண்டு, கன்னிமாடத்துத் துறவியர் உண்டு. பொம்மைகளின் மெழுகு முகங்களை எர்ஃபுர்ட் நகரத்துத் துறவியர் இருவர் வடித்துத் தந்தனர் என்றும், ஆடைகளை அரண்மனைப் பெண்கள் எஞ்சிய துணிகளைக் கொண்டு தைத்தனர் என்றும் கூறுவர்.

இங்குச் சேகரிப்பு என்னும் சொல்லின் பொருளே விரிவடைவதைக் காணலாம். இவர் எங்கோ விற்ற பொம்மைகளை வாங்கி அடுக்கவில்லை. எந்தக் காட்சி வேண்டும், அதில் யார் நிற்க வேண்டும், அவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்து, பலருடைய கைகளைக் கொண்டு பல்லாண்டுகள் கட்டியமைத்தார். நாடக ஆசிரியர் ஒருவரின் பணியை ஒத்தது இது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சிறுநகரச் சமையலறையில் பாத்திரங்கள் எவ்வாறு மாட்டப்பட்டிருந்தன, தச்சர் எத்தகைய கருவிகளைக் கையாண்டார் என்று அறிய விரும்பும் ஆய்வாளர்க்கு இன்று இந்த அறைகள் முதன்மைச் சான்றாக விளங்குகின்றன. அரசாணைகளும் போர்க்குறிப்புகளும் எழுதிவைக்காதவற்றை ஒரு கைம்பெண்ணின் பொழுதுபோக்கு எழுதி வைத்திருக்கிறது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைத்தல் ஆகாது. அவருக்குக் கடன்சுமை இருந்தது; தம் வருவாய்க்கு மீறிச் செலவிட்டார். இத்தகைய செலவை வீண் என்பதா, தேவை என்பதா? வரலாற்றாசிரியர்கள் சிலர் இதனை ஒரு முதிய சீமாட்டியின் பித்து என்றவாறு கடந்து செல்வதுண்டு. அதே காலத்து இளவரசர்கள் வேட்டைக்கும் படைக்கும் ஆடம்பர மாளிகைகளுக்கும் பட்ட கடனை எவரும் பித்து என்று எழுதுவதில்லை. தம் படைப்பிற்கு அறிவு, அறம், பக்தி என்று எந்தப் போர்வையும் போர்த்தாமல், மகிழ்ச்சி என்று வெளிப்படையாகவே பெயரிட்ட துணிவு இவரிடத்தில் இருந்தது. அப்பெயரே இன்றளவும் நிலைத்திருக்கிறது. அப்பொம்மை நகரமும் ஆர்ன்ஷ்டாட் அரண்மனை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளது.

ஓர் இளவரசியின் ஏடு

விக்டோரியா அரசியார் (1819–1901) சிறுமியாக இருந்தபோது கென்சிங்டன் அரண்மனையில் கட்டுக்காவல் மிகுந்த சூழலில் வளர்க்கப்பட்டார். ஒத்த வயதுத் தோழியர் அரியர். மூன்று முதல் ஒன்பது அங்குலம் வரை உயரமுடைய, கைகால் மடங்கும் எளிய மரப்பொம்மைகளே அவருக்குத் துணையாயின. அவை கடையில் மலிவாகக் கிடைத்தவை. ஒன்றுபோலவே முகங்கள் அமைந்தவை. அவற்றை வேறுபடுத்தியது ஆடையே. இளவரசியும் அவருடைய ஆசிரியையான லேசன் சீமாட்டியும் சேர்ந்து 132 பொம்மைகளுக்கு ஆடை அணிவித்தனர். அவற்றுள் 32 பொம்மைகளுக்கு இளவரசியே தம் கையால் தைத்தார். நாடகத்திலும் நாட்டிய அரங்கிலும் தாம் கண்டு வியந்த கலைஞர்களை, குறிப்பாக மரீ தாலியோனி என்னும் நாட்டிய நங்கையை, அவர்தம் வேடங்களோடு பொம்மையாக்கிக்கொண்டார்.

அவர் ஓர் ஏடு வைத்திருந்தார் என்பது நமக்கு முக்கியமான செய்தி. ஒவ்வொரு பொம்மையின் பெயர், அது யாரைக் குறிக்கிறது, யார் ஆடை தைத்தது என்பன அதில் பட்டியலாக எழுதப்பட்டிருந்தன. பதினான்கு வயதை எட்டும் நிலையில் பொம்மைகள் பெட்டிக்குள் சென்றன. ஆனால் அவை தூக்கி எறியப்படவில்லை; ஏடும் எறியப்படவில்லை. 1892இல் பிரான்சிஸ் லோ என்னும் எழுத்தாளர் அரசியாரின் இசைவோடு அவற்றைப் பற்றி ‘ஸ்ட்ராண்டு’ இதழில் எழுதினார்; 1894இல் அது நூலாகவும் வந்தது. அறுபதாண்டுகளுக்குப் பின்னும் 132 பொம்மைகளின் கதையைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்த ஏடுதான்.

சங்கர் பிள்ளையின் கைப்பெட்டி

இந்தியாவில் இவ்வகை ஆர்வம் ஒரு நிறுவனமாகவே மலர்ந்த வரலாறு கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளையுடையது (1902–1989). கேரளத்துக் காயங்குளத்தில் பிறந்த அவர், 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழைத் தொடங்கினார். பிரதமர் நேருவையே கூர்மையாகக் கிண்டல் செய்தும் அவருடைய நட்பை இழக்காத எழுதுகோல் அவருடையது. 1949இல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியையும் தொடங்கினார். அது பின்னர்ப் பன்னாட்டுப் போட்டியாக விரிந்தது.

1950களின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டுத் தூதர் அப்போட்டிக்குப் பரிசாக அந்நாட்டுப் பொம்மை ஒன்றைத் தந்தார். அது சங்கரின் மனத்தைக் கவர்ந்தது. அதுமுதல் நேருவின் வெளிநாட்டுப் பயணங்களில் செய்தியாளர்களுள் ஒருவராகச் செல்லும்போதெல்லாம் அந்தந்த நாட்டு உடையணிந்த பொம்மைகளை வாங்கி வரலானார். அரசியல்வாதிகளின் மூக்கையும் தாடையையும் நாள்தோறும் கோணலாக வரைந்த ஒருவர், நாடுதோறும் பொம்மைக் கடைகளில் நின்றார் என்பது முரணாகத் தோன்றலாம். உற்று நோக்கின் முரண் இல்லை. ஓர் இனத்தாரின் நடையுடை பாவனைகளைச் சிற்றளவில் சுருக்கிப் பிடிப்பது கேலிச்சித்திரத்திற்கும் உடைப் பொம்மைக்கும் பொதுவான கலையேயாகும்.

பொம்மைகள் ஐந்நூறு அளவில் பெருகியதும், குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் ஊர் ஊராகக் கொண்டு சென்று கண்காட்சியாக வைத்தார். பிற நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பில்லாத ஏழைக் குழந்தைகள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஒவ்வொரு முறை கட்டி அவிழ்க்கும்போதும் பொம்மைகள் சேதமுற்றன. நேருவுடன் ஒரு கண்காட்சிக்கு வந்திருந்த இந்திரா காந்தியிடம் சங்கர் இத்துன்பத்தைக் கூற, நிலையான ஓர் அருங்காட்சியகம் அமைக்கலாமே என்னும் யோசனை பிறந்தது. 1957இல் சங்கர் நிறுவிய சிறுவர் புத்தக அறக்கட்டளையின் தில்லிக் கட்டடத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1965 நவம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். நேரு அதைக் காணவில்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

திறக்கும்போது ஆயிரம் பொம்மைகள். பின்னர் எண்பத்தைந்து நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்து ஐந்நூறு பொம்மைகள் என அது வளர்ந்தது. இவ்வளர்ச்சிக்குப் பணம் மட்டும் வழி வகுக்கவில்லை. அருங்காட்சியகத்தோடு இணைந்த பட்டறையில் இந்தியாவின் பல்வேறு வட்டாரத்து மணமக்கள், நடனக் கலைஞர்கள், உழைப்பாளர்கள் ஆகியோரின் பொம்மைகள் உரிய உடையணிகளோடு செய்யப்பட்டன; அவற்றைத் தந்து மாற்றாக வெளிநாட்டுப் பொம்மைகள் பெறப்பட்டன. அப்பட்டறையின் கதகளிப் பொம்மைகள் 1980இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் நடைபெற்ற பொம்மைக் கண்காட்சியில் முதற்பரிசான தங்க மயிலிறகை வென்றன. சேர்ப்பதில் தொடங்கிய இன்பம் செய்வதில் வந்து நிலைகொண்டமை கருதத்தக்கது.

சேகரிப்பைப் பற்றிச் சிந்தித்த வால்டர் பெஞ்சமின், தம் நூலகப் பெட்டிகளைப் பிரித்த அனுபவம் குறித்து 1931இல் எழுதிய கட்டுரையில், சேர்த்தவர் விலகிய பின் சேகரிப்பு தன் பொருளை இழந்துவிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். பொதுச் சேகரிப்பு சமுதாயத்திற்குப் பயன்மிக்கதாக இருக்கலாம்; ஆனால் பொருள்களுக்கு நீதி கிடைப்பது தனியொருவரின் கையில்தான் என்பது அவர் வாதம். தில்லி அருங்காட்சியகம் இவ்வாதத்திற்கு ஒரு பகுதி மறுப்பாக நிற்கிறது. ஒரு பகுதி உடன்பாடாகவும் நிற்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் நாட்டுப் பெயர்ச்சீட்டோடு நிற்கும் பொம்மை, எந்தக் கடைத்தெருவில், எத்தகைய பேரத்திற்குப் பின், யார் கைப்பெட்டியில் ஏறியது என்பதைச் சொல்வதில்லை.

கொலு: நெறியும் சேகரிப்பும்

தமிழரிடையே பொம்மை சேகரிப்பு உண்டா என்று வினவினால், கொலுவைச் சுட்டாமல் விடை கூற இயலாது. புரட்டாசி அமாவாசைக்குப் பின் வரும் ஒன்பது இரவுகளுக்கு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் படிகள் அமைத்துப் பொம்மைகளை அடுக்கும் இவ்வழக்கத்தைச் சமய நெறியாகவே நாம் விளக்கி வந்துள்ளோம். அவ்விளக்கம் தவறன்று. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால், படிக்கட்டின் முன் அமர்ந்து மணிக்கணக்கில் பொம்மைகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தில் தோன்றும் நிறைவை விளக்க முடிவதில்லை.

கொலுவின் விதிகள் சிலவே. மேற்படியில் கலசமும், மரப்பாச்சி இணையும், தெய்வ வடிவங்களும். கீழ்ப்படிகளில் மாந்தரும் அன்றாட வாழ்வும் என்பது பொதுவான முறை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி மணமகளுக்குத் தாய்வீட்டுச் சீராக வருவது. அதற்கு முகம் உண்டு, உடை இல்லை. ஆண்டுதோறும் அதற்குப் புத்தாடை தைப்பது அவ்வீட்டுப் பெண்களின் கற்பனைக்கு விடப்பட்டது. விக்டோரியாவின் மரப்பொம்மைகளுக்கும் மரப்பாச்சிக்கும் இவ்வகையில் ஓர் ஒற்றுமை உண்டு. முழுமை பெறாத பொம்மையே கையை வேலை வாங்குகிறது. இக்காலத்துக் கடைப் பொம்மைகள் எல்லா அணிகலன்களோடும் வந்துவிடுவதால் வாங்கியவர்க்குச் செய்ய எதுவும் எஞ்சுவதில்லை என்பது என் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

ஆண்டிற்கு ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்க வேண்டும் என்னும் வழக்கம் கொலுவை வளர்ந்துகொண்டே செல்லும் சேகரிப்பாக்குகிறது. பண்ணுருட்டியின் களிமண் பொம்மை, காஞ்சிபுரத்தின் காகிதக்கூழ்ப் பொம்மை, தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மை, ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி மரப்பொம்மை என ஊர்ப்பெயர்கள் படிகளில் ஏறுகின்றன. மளிகைப் பொருள்களைப் பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியார் இணைக்கு முன் மெய்யான அரிசியும் பருப்பும் சிறு கிண்ணங்களில் வைக்கப்படும். படிகளுக்கு வெளியே, தரையில், விதி எதுவும் இல்லை. அங்கேதான் வீட்டுச் சிறாரும் பெண்களும் கடுகையும் கேழ்வரகையும் முளைக்க வைத்து வயல் அமைப்பர். முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்குவர். தீப்பெட்டியில் வீடு கட்டுவர். அகஸ்டா டொரோதியாவின் சந்தைக் காட்சியை அறியாமலே அதனை ஒத்த ஒன்றை அவர்கள் ஆண்டுதோறும் படைத்து, பத்தாம் நாளில் கலைக்கின்றனர். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வதும், பின்னர் ஒவ்வொன்றையும் துணியிலோ தாளிலோ சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதும் இதன் இறுதிச் செயல்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டப்புறத் தொழிலாளர் இல்லங்களில் இவ்வழக்கம் பரவலாக இருந்ததாகத் தெரியவில்லை. கோயில்களின் நவராத்திரி விழாவிலும், நகர்ப்புறக் குடும்பங்கள் சிலவற்றிலும் கொலு இடம்பெற்று வந்துள்ளது. கடல் கடந்து வந்த களிமண் பொம்மைக்கு வழியில் உடையும் அச்சம் எப்போதும் உண்டு. ஆதலின் இங்குள்ள ஒவ்வொரு பழம்பொம்மையும் ஒரு பயணத்தில் தப்பியதாகும். சிங்கப்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ‘மின்ட்’ விளையாட்டுப் பொருள் அருங்காட்சியகம், தனியொருவர் பல்லாண்டு சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டது. இத்தகைய வாய்ப்பு நம் இல்லத்துக் கொலுப் பெட்டிகளுக்கு வாய்க்கவில்லை. பாட்டியார் மறைந்தபின், பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும்போது, அப்பெட்டிகள் கோயிலுக்குச் செல்கின்றன. அல்லது குப்பைக்குச் செல்கின்றன. எப்பொம்மை யாருடைய திருமணத்திற்கு வந்தது, எதன் உடைந்த கையை யார் மெழுகு வைத்து ஒட்டினார் என்னும் செய்திகள் அவற்றிற்கும் முன்னரே போய்விடுகின்றன. கென்சிங்டன் சிறுமி வைத்திருந்ததைப் போன்ற ஏடு நம் பாட்டியரிடம் இருந்ததில்லை.

எழுதப்பட்ட ஏடு இல்லாவிடினும், ஆய்வாளர்க்கு வேறு தடயங்கள் கிட்டக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நவராத்திரிக் காலத்தில் மாணவர்களுக்குக் கொலு பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கின்றனர். ஒன்பது படிகளின் தத்துவ விளக்கமே பெரும்பாலான ஏடுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. வீட்டிலோ உறவினர் இல்லத்திலோ உள்ள ஒரு பொம்மையைப் பற்றி மட்டும் கேட்டு எழுதி வரச் சொன்னால் கிடைப்பது வேறாக இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது சுற்றியிருக்கும் தாளையும் எறிந்துவிடாமல் பார்க்கச் சொல்லலாம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழின் பக்கம் ஒன்று அங்கு இருக்கக்கூடும். அதன் மேல் மூலையில் நாளும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும்.